தாண்டிக்குடி தோட்டத்துக்கு ஏடிவி: ஏத்தத்தில் பெல்ட் கருகுது, இறக்கத்தில் வண்டி பிடிக்கல. பெரிய எஞ்சின் வாங்கினால் சரியாகுமா?

மிளகுக்கொடி:
வணக்கம். தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு போகிற வழியில் எங்கள் தோட்டம். காப்பி, மிளகு, நடுநடுவே மலைவாழை. எல்லாமே சரிவு. உலர்களம் மேலே ரோட்டோரம், ஓடை கீழே, நடுவில் ஜீப் இறங்க முடியாத மண்பாதை. இதுவரை பொதிக்குதிரைதான் சுமந்தது. இப்போது குதிரை வைத்திருப்பவர்களும் குறைந்துவிட்டார்கள், பழம் பறிக்கிற நேரத்தில் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே வாரத்தில் குதிரை வேணும் என்றால் எங்கே போவது? அதனால் பழைய ஏடிவி (மண்பாதையில் ஓட்டுகிற, பைக் மாதிரி கைப்பிடி வைத்த நாலுசக்கர வண்டி) ஒன்று பிடித்தோம். 500 சிசி, பெல்ட் ஆட்டோமேட்டிக் (ரெண்டு கப்பிக்கு நடுவே ஓடுகிற பெல்ட்தான் எஞ்சின் வலுவைக் கடத்தும்), ஃபோர் வீல் டிரைவ், பின்னால் சின்ன டிரெய்லர். கம்பெனிப் பெயர் வேண்டாம், வித்தவரும் இதைப் படிப்பார்.

தொல்லை ரெண்டு. டிரெய்லரோடு சேர்த்துச் சுமார் 300 கிலோ இழுத்துக்கொண்டு ஓடைப் பக்கமிருந்து மேலே வந்தால் பாதி ஏத்தத்திலேயே ரப்பர் கருகுகிற வாடை. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் கொஞ்ச தூரம் பிடித்துவிட்டு அப்புறம் தானாக உருள ஆரம்பிக்கிறது, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டியிருக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 அல்லது யமஹா 700 மாதிரி பெரிசாகப் பார்க்கலாமா? ஹோண்டா ராஞ்சர் 420 ஒன்றும் விலைக்கு வருகிறது, ஆனால் 420 சிசி இந்த ஏத்தத்தில் மூச்சு விடுமா?

ஸ்பேனர் கொடை:
கொடைக்கானலில் ரிசார்ட் ஏடிவிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். வண்டியை விற்கிற பேச்சு அப்புறம் இருக்கட்டும் அண்ணா, முதலில் நாலு விஷயம் சொல்லுங்க. ஏறும்போது கியர் ‘எச்’ (வேகத்துக்கு) நிலையிலா, ‘எல்’ (மெதுவாக இழுக்க) நிலையிலா? டயர் பக்கவாட்டில் என்ன நம்பர் போட்டிருக்கு? காத்து எவ்வளவு? ஓடையில் இறங்கி ஏறிய பிறகுதான் வாடை வருதா, இல்லை காய்ந்த நாளிலும் வருதா?

மன்னவனூர் பூண்டு:
எனக்கென்னவோ இந்த விளையாட்டு வண்டிகளில் நம்பிக்கை கிடையாது. 13 குதிரை சக்தி பவர் டில்லரில் டிரெய்லர் மாட்டி எங்கள் ஊரில் பூண்டும் கேரட்டும் ஏற்றுகிறோம், உதிரிப் பாகம் வத்தலக்குண்டிலேயே கிடைக்கும். ஏடிவிக்கு ஒரு பெல்ட் வேணும் என்றால் பார்சல் வருகிற வரை காத்திருக்கணும்.

மிளகுக்கொடி:
@ஸ்பேனர் கொடை ‘எச்’ நிலையில்தான் ஓட்டுகிறோம், ‘எல்’ சகதியில் மாட்டினால் மட்டும் என்று வித்தவர் சொன்னார். டயரில் 27 என்று ஆரம்பிக்கிறது, மேனுவலைப் பார்த்தால் 25 என்று இருக்கு. காத்து பஞ்சர் கடையில் வைத்தது, 20 பக்கம் இருக்கும். ஓடை இறங்கிய நாளில் வாடை அதிகம், உண்மைதான்.

@மன்னவனூர் பூண்டு டில்லர் யோசித்தோம் அண்ணே. எங்கள் பாதையில் அதைத் திருப்புவதற்குள் கை போய்விடும், காலியாக வரும்போது வேகமும் கிடையாது. அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, அவரும் ஓட்டணும்.

ஸ்பேனர் கொடை:
பாதி விடை நீங்களே சொல்லிவிட்டீங்க.

25 அங்குல டயருக்கு பதில் 27 மாட்டினால் கியர் விகிதம் 8 சதவீதம் உயர்ந்த மாதிரி. அதோடு எச் கியர், 300 கிலோ, செங்குத்து ஏத்தம் எல்லாம் சேர்ந்தால் பெல்ட் பிடிக்காமல் கப்பிக்குள் வழுக்கிக்கொண்டே சுழலும், அந்தச் சூட்டில்தான் வாடை. நடை வேகத்தில் சுமை இழுத்தாலே எல் போட வேண்டியதுதான், சகதி இருக்கா இல்லையா என்பதே கணக்கில்லை. போலாரிஸ் தன் கையேட்டிலேயே மணிக்கு 11 கிலோமீட்டருக்குக் கீழ் ஓட்டும்போதும், பாரம் இழுக்கும்போதும் எல் போடச் சொல்கிறது.

கவரைக் கழற்றிப் பெல்ட்டைப் பாருங்க. பக்கவாட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கினால் வழுக்கி வழுக்கிப் பாலிஷ் ஏறியிருக்கு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடுப்பு ஒட்டினது போல் குறுகித் தேய்ந்திருந்தால், ஏத்தத்தில் வண்டி நின்ற பிறகும் ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்காங்க என்று அர்த்தம். அந்தப் பெல்ட்டைத் தேய்த்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை, மாத்திடுங்க. ஓடைத்தண்ணி உள்ளே போயிருந்தால் கவரின் அடியில் வடிகால் மூடி இருக்கும், அதைத் திறந்துவிட்டு நியூட்ரலில் கொஞ்ச நேரம் எஞ்சினை ஏத்தி இறக்கினால் பெல்ட் காய்ந்துவிடும். காத்து 5, 6 பவுண்டுக்கு மேல் வேண்டாம். 20 வைத்தால் டயர் உருண்டையாக நிற்கும், தரையில் படுகிற இடம் பாதியாகிவிடும். பஞ்சர் கடை மீட்டரில் 5 சரியாகத் தெரியாது, ஏடிவிக்கென்று சின்ன மீட்டர் தனியாக விற்கிறது.

வத்தலக்குண்டு கணக்கு:
பெரிய எஞ்சின் வேணுமா என்று கேட்டதால் குதிரை சக்திக் கணக்கு. வண்டி 330, ஆள் 70, டிரெய்லரும் சுமையும் 300, மொத்தம் 700 கிலோ. ஐந்து அடிக்கு ஒரு அடி ஏறுகிற சரிவு, மேலே ஈரமண். மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏற, சக்கரத்தில் சுமார் 8 குதிரை சக்தி போதும். பெல்ட்டில் வீணாவதையும் சேர்த்தாலும் 12-ஐத் தாண்டாது. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் சுமார் 3 சதவீதம் வலு இழக்கும், மன்னவனூர் உயரத்தில், அதாவது 2,000 மீட்டருக்கு, அது 20 சதவீதம். தாண்டிக்குடியில் அதைவிடக் குறைவு. எப்படிப் பார்த்தாலும் 500 சிசிக்கு வலு பத்தாமல் போகாது. அந்த வலு டயருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஜிப்ஸ்லாந்து தமிழன்:
சொந்த ஊர் பெரும்பாறை. இப்போது ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பால்பண்ணையில் வேலை. ஹோண்டா, போலாரிஸ், யமஹா மூணுமே பண்ணையில் இருக்கு, தினமும் இதில்தான் மேட்டிலும் பள்ளத்திலும் அலைகிறேன். மிளகுக்கொடி கேட்டதில் ரெண்டாவது தொல்லைதான் ஆளைக் கொல்கிற தொல்லை, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பெல்ட் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் முன் கப்பி பெல்ட்டை விட்டுவிடும். அதற்கப்புறம் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சில வண்டிகளில் அப்படி விடாமல் பிடித்துவைக்க ஏற்பாடு உண்டு. யமஹாவின் அல்ட்ராமேட்டிக் என்கிற பெல்ட் அமைப்பில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்க ஒருவழிக் கிளட்ச் வைத்திருக்கிறார்கள், ஃபோர் வீல் போட்டால் நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பிடிமானம் (எஞ்சினே வண்டியைப் பிடித்து வேகம் குறைப்பது) கிடைக்கும். இறக்கத்தில் இதை அடிக்க ஆள் இல்லை என்பது என் கருத்து. போலாரிஸில் மாடலுக்கு மாடல் வேறுபடும்: பின் சக்கரம் வழுக்கும்போதுதான் முன் சக்கரம் கூட்டுச் சேரும், அதனால் சாதாரண ஃபோர் வீல் நிலையில் இறங்கும்போது முன் சக்கரம் உங்களுக்குப் பிடித்துக் கொடுக்காது, அதற்கென்றே இறக்கக் கட்டுப்பாடு உள்ள மாடல் தனியாக இருக்கு, கேட்டு வாங்கணும். ராஞ்சரில் பெல்ட்டே கிடையாது, பைக் மாதிரி பல்சக்கரக் கியர்தான். முதல் கியரில் போட்டுவிட்டால் ஜம்மென்று பிடித்துக்கொண்டு இறங்கும். ஏத்தத்தில் மெதுவாகத்தான் போகும், ஆனால் கருக ஒன்றுமில்லை.

ஓட்டுகிற விதமும் வேறு வேறு. ராஞ்சரில் பின்பக்கம் ஒரே அச்சு வைத்த மாடலை எடுத்தால் டிரெய்லர் கொண்டி அழுத்தினாலும் பின்பக்கம் தொங்காது, ஆனால் கல்லில் ஏறினால் இடுப்பு கழன்றுவிடும். சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன் வைத்த ஸ்போர்ட்ஸ்மேன் மெத்தை மாதிரி போகும், அடிவயிறும் கல்லில் இடிக்காது, ஆனால் சரிவில் குறுக்கே போனால் உடம்பு பள்ளத்துப் பக்கம் சாயும். 570-க்கு அமெரிக்காவில் சொல்கிற சக்தி 44. இந்தியாவில் டிராக்டர் வகையில் பதிவு செய்துகொள்கிற மாதிரி விற்ற ஸ்போர்ட்ஸ்மேனில் அதையே 34-ஆகக் குறைத்திருந்தார்கள். மேலே கணக்குப் போட்டவர் சொன்னதைப் பார்த்தால் அந்தப் பத்து போனதில் உங்களுக்கு நஷ்டமில்லை.

இழுவை வரம்பையும் பாருங்க. ராஞ்சருக்கு 385 கிலோ, யமஹா கோடியாக் 700-க்கு 600. இது டிரெய்லரின் எடையும் சேர்த்து, சமதரைக்கு. ராஞ்சரின் ரேக்கில் முன்னால் 30, பின்னால் 60 கிலோதான். வாழைத்தாரை அதில் அடுக்கிக் கட்டிக்கொண்டு வளைவில் திரும்பாதீங்க.

இங்கே 2021 அக்டோபருக்குப் பிறகு விற்கிற புது பண்ணை ஏடிவிக்கெல்லாம் கவிழ்ந்தால் ஆளை நசுக்காமல் காக்கும் கம்பி கட்டாயம். பக்கவாட்டில் 28.8 டிகிரி வரை சாய்த்தாலும் கவிழக்கூடாது என்றும் சோதனை வைத்தார்கள். ஹோண்டாவும் யமஹாவும் கம்பி வைக்க ஒத்துக்கொள்ளாமல் பண்ணை ஏடிவி விற்பனையையே இங்கே நிறுத்திவிட்டன, எங்களிடம் இருப்பது பழசு. அப்பா ஓட்டுவார் என்றால் அந்தக் கம்பியை வாங்கி மாட்டுங்க. ஹெல்மெட்டும்.

மன்னவனூர் பூண்டு:
சரி, இவ்வளவு சொன்ன பிறகு ஒன்று ஒத்துக்கொள்கிறேன், டில்லரில் இறக்கம் எங்களுக்கும் பயம்தான். பிரேக் இல்லாத டிரெய்லர் கொண்டை ஊசியில் பின்னாலிருந்து தள்ளி வண்டியை மடக்கிவிடும். ஏடிவிக்கும் அதே கதைதானே?

ஸ்பேனர் கொடை:
அதே கதைதான். வண்டி வேகம் குறையும்போது கொண்டி அழுந்தித் தானாகப் பிடிக்கிற பிரேக் டிரெய்லருக்கு வைக்கலாம், வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள். சுமையில் பத்தில் ஒரு பங்கு கொண்டிமேல் விழுகிற மாதிரி முன்பக்கம் சற்றுக் கூடுதலாக அடுக்கணும். பின்பக்கம் கனத்தால் ஏத்தத்தில் வண்டியின் பின்சக்கரத்தையே தூக்கிவிடும்.

பதிவெண் இல்லாவிட்டால் ரோட்டைக் குறுக்கே கடக்கக்கூட வண்டியை இறக்காதீங்க. உங்கள் உலர்களம் ரோட்டோரம் என்றீங்களே, அதனால் சொல்கிறேன்.

மிளகுக்கொடி:
எல்லாருக்கும் நன்றிங்க. கவரைக் கழற்றினோம். பெல்ட்டில் ஒரு விரல் அகலத்துக்கு இடுப்பு ஒட்டியிருக்கு, கப்பியில் கருப்புப் பொடி, அடியில் அரை டம்ளர் ஓடைத்தண்ணி. புதுப் பெல்ட் வரச் சொல்லிவிட்டேன், 25 அங்குல டயர் பழசு ஒரு ஜோடி ஒருவரிடம் இருக்காம். பழைய பெல்ட்டிலேயே எல் போட்டு, காத்தை 5-க்கு இறக்கி, பாதிச் சுமையோடு ஏற்றிப் பார்த்தோம். வாடை இல்லாமல் மேலே வந்துவிட்டது. இறக்கத்தில் எல் போட்டால் முன்னைவிடப் பிடிக்கிறது, ஆனாலும் ஓடைக்கு முன்னால் இருக்கிற செங்குத்தில் கடைசியில் விட்டுவிடுகிறது.

ஜிப்ஸ்லாந்து அண்ணா, எங்கள் வண்டிக்கு எஞ்சின் பிடிமானத்துக்கு வேறு கிளட்ச் மாட்ட முடியுமா, இல்லை அந்த ராஞ்சரைப் போய்ப் பார்த்துவிடவா?

ஜிப்ஸ்லாந்து தமிழன்:
உங்கள் கிளட்சின் படம் அனுப்புங்க தம்பி, சில மாடலுக்கு ஒருவழி பேரிங் வைத்த முன் கிளட்ச் தனியாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ராஞ்சரைப் போய்ப் பாருங்க. பார்க்கும்போது மேட்டில் ஏற்றிக் காட்டச் சொல்லாதீங்க, முதல் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறக்கிக் காட்டச் சொல்லுங்க. பின்பக்கம் ஒரே அச்சு மாடலா என்றும் குனிந்து பார்த்துவிட்டு விலை பேசுங்க.