கப்பிவில்லா, கூட்டுவில்லா? வெள்ளிக்குள் வேண்டும்

அஸ்தம்பட்டியிலிருந்து:
வணக்கம், சேலத்துச் சொல்லாக்க நண்பர்களே. அமெரிக்காவின் மிசௌரியில் இருக்கும் என் தங்கை மாப்பிள்ளை, மான் வேட்டைக்கு வில் வாங்குவது பற்றி அங்கத்திய தமிழ் மலருக்கு ஒரு கட்டுரை எழுதி, மெய்ப்புப் பார்க்க எனக்கு அனுப்பியிருக்கிறார். (இங்கே புள்ளிமானை அடித்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே தள்ளிவிடும். அங்கே உரிமம் எடுத்தால் செப்டம்பர் நடுவிலிருந்து அடிக்கலாம். அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.) கட்டுரை முழுக்க ‘காம்பவுண்டு வில்’. கூட்டுவில் என்று மாற்றிவிடட்டுமா? ‘லெட்-ஆஃப்’ என்று ஒன்று வருகிறது, அதற்கு என்னிடம் சொல்லே இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஏற்காட்டிலிருந்து:
கூட்டுவில் வேண்டவே வேண்டாம். கொம்பு, மரம், நரம்பு மூன்றையும் பசை போட்டு ஒட்டினார்களே துருக்கியரும் மங்கோலியரும், அந்த வில்லுக்கு அந்தப் பெயரை விட்டுவையுங்கள். இது வேறு சாதி. இரண்டு நுனியிலும் சக்கரம். ஹாலிஸ் வில்பர் ஆலன் என்ற மிசௌரிக்காரரே செய்து 1969இல் காப்புரிமை வாங்கியது, உங்கள் மாப்பிள்ளை ஊர்ச் சரக்குதான். கிணற்றுக் கப்பி எல்லாருக்கும் தெரியும். கப்பிவில் என்று போடுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து:
> கிணற்றுக் கப்பி எல்லாருக்கும் தெரியும்
எங்கள் வீட்டில் கப்பி என்றால் சோளக்கப்பி, ரோட்டில் கொட்டினால் கப்பிக்கல். கிணற்றில் இருப்பது ராட்டினம். தவிர, அந்தச் சொல் தெலுங்கிலும் இருக்கிறது, நாம் கொடுத்ததா வாங்கியதா? ‘கவ்வு’ என்பதிலிருந்து கவ்வி, கப்பி என்று வந்திருக்கலாம், கயிற்றைக் கவ்வுவதால். ஆனால் கப்பி கயிற்றைக் கவ்வுவதில்லை, ஓடத்தான் விடுகிறது. பக்கத்திலேயே கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட இடம். புறநானூறு 152இல் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைக்கிறது, மான் உட்பட! வில்லுக்குச் சிலை என்ற சங்கச் சொல் இருக்கும்போது வில்லோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? ‘உருள்சிலை’ எப்படி?

ஏற்காட்டிலிருந்து:
“மான் வேட்டைக்குச் சிலை வாங்குவது எப்படி” என்று தலைப்பு வந்தால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு தேடிவரும் ஐயா.

ஐந்து ரோட்டிலிருந்து:
நான் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லித் தருகிறவன், இலக்கணம் தெரியாது. சக்கரத்தின் அச்சு நடுவில் இல்லை, தள்ளி இருக்கும், விஷயமே அதுதான். 60 பவுண்டு வில்லைப் பாதிவரை மூச்சுப் பிடித்து இழுக்கணும், அப்புறம் பாரம் திடீரென்று விழுந்துவிடும். லெட்-ஆஃப் 80 விழுக்காடு என்றால் கையில் நிற்பது 12 பவுண்டு. மான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு வராமல் போக்குக் காட்டும்போது நாணை இழுத்தபடி காத்திருக்க அதுதான் உதவும். எங்கள் பையன்கள் “சார், வில்லு விட்டுக்கொடுத்துடுச்சு” என்பார்கள். விட்டுக்கொடுப்பு என்றே போடலாமே?

சூரமங்கலத்திலிருந்து:
அது குடும்ப நீதிமன்றச் சொல். பளுத்தணிவு என்க.

அஸ்தம்பட்டியிலிருந்து:
‘இளக்கம்’ என்று யோசித்தேன், நாண் தொய்ந்துபோனது போலக் கேட்கிறது. பளுத்தணிவு சரி. அம்பறாத்தூணியை அப்படியே விடுகிறேன், ஆனால் இது முதுகில் அல்ல, வில்லிலேயே மாட்டுவது. குறிபார்க்கும் முள் (20, 30, 40 கெஜத்துக்குத் தனித்தனி) குறிமுள். மணிக்கட்டில் கட்டி நாணை விடுவிக்கும் விசை விடுகொக்கி. அகன்ற அம்புமுனைக்கு ‘அகலலகு’ என்று ஒருவர் தனி மடலில் எழுதினார், ஐந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கப்பிவில்லுக்கு நான்கு பேர், கூட்டுவில்லுக்கு இரண்டு, உருள்சிலைக்கு ஒருவர். முதல் இடத்தில் மட்டும் ‘காம்பவுண்டு வில் என்னும் கப்பிவில்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

சூரமங்கலத்திலிருந்து:
நன்றிப் பட்டியலில் என் பெயர் வேண்டாம். போட்டால் ராட்டினவில் என்றாவது மாற்றிவிட்டுப் போடுங்கள்.