கூமுனைக்குப் போய்வந்தவர்கள் சொல்லுங்கோ

சித்திரை விடுமுறைக்கு மட்டக்களப்பிலிருந்து அம்மம்மா, பிள்ளைகளோடு கூமுனைத் தேசியப் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போக யோசிக்கிறோம். சின்னவள்தான் காரணம். கல்லடிப் பாலத்தடியில் சிறகை விரித்துக்கொண்டு நின்ற நீர்க்காகத்தைப் பார்த்து, "அது உடுப்புக் காயப்போடுது" என்றாள். அன்றிலிருந்து பறவைப் பைத்தியம்.

அங்குள்ள வில்லுக்குள், அதாவது சதுப்பு ஏரிக்குள், நாரைகளும் கரண்டிவாயன்களும் கூடு கட்டுவது ஏப்ரல் முதல் ஜூலை வரை என்று தெரியும். ஏப்ரல் நடுவிலேயே குஞ்சுகளைப் பார்க்கலாமா, கொஞ்சம் பிந்திப் போவது நல்லதா?

அப்புறம், உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன் என்கிறார் அம்மம்மா. சரி, அது வழியில்தான். ஆனால் அவருக்கு முழங்கால் நோ. பூங்காவுக்குள் ஜீப் குலுக்கலைத் தாங்குவாரா? எங்கள் வானை எங்கே விட்டுவிட்டு ஜீப் பிடிக்கலாம், பாணமையிலா உகந்தையிலா?

தொலைநோக்கி இரவல் தரக்கூடியவர்களும் சொல்லுங்கோ. பத்திரமாகத் திருப்பித் தருவோம்.