பாஸ்பேட்டேற்றமா, பாஸ்பரிகரணமா? கால்சியம் மடைகளை முன்வைத்து

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

கைனேஸ் என்ற நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட்டைப் பிடுங்கிப் புரதத்தின் செரின், திரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டுகிறது. இந்த வினைக்கு (phosphorylation) மூன்று சொற்கள் புழங்குகின்றன: தமிழகப் பாடநூல்களில் பழகிய பாஸ்பரிகரணம், இலங்கை வழக்கின் பொசுபோரிலேற்றம், அவ்வப்போது தென்படும் பாஸ்பேட் சேர்ப்பு. நான் முன்வைப்பது பாஸ்பேட்டேற்றம். ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம் என்று ஏற்கெனவே வரிசை இருக்கிறது. ஏற்று, ஏறிய, ஏறாத, ஏற்றவல்ல என்று வினையாகவும் வளைகிறது. எதிர்வினை பாஸ்பேட் நீக்கம். அதைச் செய்யும் பாஸ்படேஸ், பாஸ்பேட் நீக்கி.

'கரணம்' வேண்டாம் என்பதற்குக் காரணம், 'பாஸ்பரிகரணம் அடைந்த செரின்' என்று இழுக்க வேண்டியிருப்பதுதான். 'பாஸ்பேட் ஏறிய செரின்' என்றால் முடிந்தது.

மடல் 2

> நான் முன்வைப்பது பாஸ்பேட்டேற்றம்

பொது வாசகருக்கு இதில் விளைவு தெரியவில்லையே ஐயா. அட்ரினலின் வந்தால் இதயத் தசையில் கால்சியம் அதிகமாகப் பாய்கிறது, துடிப்பு வலுக்கிறது. 'பாஸ்பேட் ஊக்கம்' என்றால் என்ன நடக்கிறது என்று உடனே புரியுமே? இன்னொன்று, தலைப்பில் ஏன் 'மடை'? செல்சவ்வில் கால்சியம் நுழையும் புரதத் திறப்பைக் (channel) கால்வாய் என்பதுதானே வழக்கம்?

மடல் 3

'ஊக்கம்' வேண்டவே வேண்டாம். விளைவைச் சொல்லுக்குள் அடைத்தால், விளைவு மாறும் இடத்தில் சொல் பொய்யாகிவிடும். இதயத் தசையே அதற்குச் சான்று.

அட்ரினலின் செல்சவ்வின் பீட்டா ஏற்பியில் அமர, செல்லுக்குள் செய்தி கடத்தும் சுழல் ஏஎம்பி கூடி, புரதக் கைனேஸ்-ஏ விழிக்கிறது. அது செல்சவ்வின் எல்-வகைக் கால்சியம் மடையின் முதன்மைப் புரதத்தில், 1928-ஆம் செரினில் பாஸ்பேட்டை ஏற்றுவதால்தான் மின்னோட்டம் கூடுகிறது என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அந்தச் செரினைப் பாஸ்பேட் ஏற இடமில்லாத அலனினாக மாற்றிய எலிகளின் இதயமும் அட்ரினலினுக்கு வழக்கம்போலவே பதிலளித்தது. 2020-இல் வந்த ஆய்வு வேறிடத்தைக் காட்டியது: மடையின் பீட்டா துணையலகைப் பிடித்துக்கொண்டு மடையை அடக்கிவைக்கும் 'ராட்' என்ற சிறு புரதம். பாஸ்பேட் ஏறுவது ராட்டின் மேல். ஏறியதும் ராட் பிடியை விடுகிறது, மடை எளிதில் திறக்கிறது. ஊக்கப்படுவது எதுவும் இல்லை. தடை விலகுகிறது, அவ்வளவுதான்.

தசைச் செல்லின் உள்ளே கால்சியத்தைச் சேமிக்கும் சார்கோபிளாச வலைப்பின்னலிலும் இதே கதை. கால்சியத்தைத் திரும்ப வாரும் செர்கா எக்கியை பாஸ்போலாம்பன் என்ற சிறு புரதம் அடக்கிவைத்திருக்கும். அதன் 16-ஆம் செரினில் பாஸ்பேட் ஏறினால் அடக்கம் தளர்ந்து, தசை விரைவாக இளகும். ஒரே கைனேஸ் சுருக்கத்தை வலுவாக்குகிறது, இளகலையும் விரைவாக்குகிறது. இதில் எதை 'ஊக்கம்' என்பீர்கள்?

இன்னொரு தவறான எண்ணமும் அதனால் வரும்: பாஸ்பேட்தான் மடையைத் திறக்கிறது என்று. திறப்பது சவ்வின் மின்னழுத்தம். பாஸ்பேட்டேற்றம் மாற்றுவது திறக்கும் வாய்ப்பையும் திறந்திருக்கும் நேரத்தையும். திறந்த ஒற்றை மடை வழியே பாயும் ஓட்டத்தின் அளவு மாறுவதில்லை. ஆகவே இந்த மாற்றத்தை (modulation) 'கட்டுப்படுத்தல்' என்பதைவிட 'நெறிப்படுத்தல்' பொருந்தும். 'மட்டுறுத்தல்' குறைப்பதை மட்டுமே நினைவூட்டுகிறது.

மடை ஏன் என்றால்: ஏரிக்கரையில் இருக்கும் திறப்பு மடை; அதிலிருந்து நீண்டு ஓடுவது கால்வாய். செல்சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வெளியே கால்சியம் 1 முதல் 2 மில்லிமோலார், ஓய்விலிருக்கும் செல்லுக்குள் 0.1 மைக்ரோமோலார். பத்தாயிரம் மடங்கு உயர நீரைத் தேக்கி நிற்கும் கரையில் உள்ள சிறு திறப்புக்குக் கால்வாய் என்று பெயரிட மனம் வரவில்லை.

(எலும்புத் தசையில் வெளியிலிருந்து கால்சியம் பாய வேண்டிய தேவையே இல்லை. மேலே இருக்கும் மடை, உள்ளே சேமிப்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும் ரயனோடின் ஏற்பியை நேரடியாகத் தொட்டு இழுக்கிறது. எனவே 'தசை' என்று பொதுவாகச் சொல்லாமல் 'இதயத் தசை' என்றே எழுதுங்கள்.)

மடல் 4

வேதியியல் நோக்கில் ஓர் உறுத்தல். ஏறுவது முழுப் பாஸ்பேட் அல்ல. செரினின் ஆக்சிஜன் அங்கேயே இருக்கிறது. வந்து ஒட்டுவது ஓர் ஆக்சிஜன் குறைந்த பாஸ்போரில் தொகுதி. நிறைமானியில் (mass spectrometer) ஓர் ஏற்றத்துக்கு நிறை 80 டால்டன்தான் கூடும். பாஸ்பேட் முழுதாக ஒட்டினால் 96 கூட வேண்டும். அந்த வகையில் பொசுபோரிலேற்றமே துல்லியம்.

அத்துடன், ஒட்டிய தொகுதி உடலின் அமிலநிலையில் ஏறத்தாழ இரண்டு எதிர்மின்னேற்றங்களைக் கொண்டுவருகிறது. 'பாஸ்பேட்டேற்றத்தால் மின்னேற்றம் மாறுகிறது' என்று எழுத வேண்டிவரும். காதில் விழவே சரியில்லை.

மடல் 5

80, 96 கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினை முடிந்தபின் செரினின் மேல் இருப்பதை எல்லோரும் பாஸ்பேட் என்றுதான் சொல்கிறோம். சொல் விளைபொருளைக் குறிக்கட்டும்; அகராதி விளக்கத்தில் 'பாஸ்போரில் தொகுதி இடம்பெயர்தல்' என்று சேர்த்துவிடலாம். பாஸ்பரிலேஸ் என்று வேறொரு தசை நொதி இருப்பதையும் பாருங்கள்: அது சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜனை வெட்டுவது. அதன் மேலேயே பாஸ்பேட்டை ஏற்றும் பாஸ்பரிலேஸ் கைனேஸும் உண்டு. 'பாஸ்பரிலேஸின் பாஸ்போரிலேற்றம்' என்பதை மாணவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது குறைக்கு, அந்த இடத்தில் 'மின்சுமை' போதும்.

ஆய்வகக் குறிப்புகளில் சொல்லை ஓட்டிப் பார்த்தேன்:

'செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஃபுளோரைடும் ஆர்த்தோவனடேட்டும் சேர்க்காவிட்டால், பாஸ்பேட் நீக்கிகள் சில நிமிடங்களில் ஏறியதையெல்லாம் இறக்கிவிடும்.'

'பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடும் எதிர்ப்பொருளுக்குப் பால்பொடிக் கரைசலால் புரதம் படிந்த தாளை மூடாதீர்கள். பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கறுத்துவிடும். மாட்டுச் சீர ஆல்புமின் போடுங்கள்.'

'செரினை அஸ்பார்ட்டேட்டாக மாற்றினால் கிடைப்பது பாஸ்பேட்டேற்றப் போலி. அதற்கு ஒரே ஒரு எதிர்மின்சுமை என்பதால் அசலைப் போல நடக்கும் என்ற உறுதி இல்லை.'

மூன்றிலும் தடங்கல் இல்லை. கைனேஸை மட்டும் மொழிபெயர்க்காமல் விடலாம் என்பது என் எண்ணம். மனித உடலில் 500-க்கு மேல் இருக்கின்றன, எண்ணும் எழுத்தும் ஒட்டிய பெயர்களுடன். 'பாஸ்பேட்டேற்றி-ஏ' என்று தொடங்கினால் எங்கே போய் நிற்போம்?

மடல் 6

பாஸ்பேட்டேற்றம், பாஸ்பேட் நீக்கம், மடை: எனக்கு மூன்றும் சம்மதம். 'ஊக்கம்' போகட்டும். ஆனால் இந்தச் சந்தியில் 'ட்' இரட்டிக்க வேண்டுமா?

மடல் 7

கேட்டை, ரேட்டை என்றுதானே சொல்கிறோம். இரட்டிக்கட்டும்.