8 வாரத்தில் நடிகருக்குக் குதிரையேற்றம்: எதைக் கற்பிப்பது, எதை டூப்புக்கு விடுவது?

டர்பன்_திரை கேட்டது:

வணக்கம். டர்பனில் பாளையக்காரர் காலத்துக் கதை ஒன்றைக் குறும்படமாக எடுக்கிறோம். நாயகனுக்குக் குதிரைமேல் நான்கு காட்சிகள். ஊருக்குள் மெல்ல வந்து இறங்குவது, சேணத்தில் இருந்தபடியே 2 நிமிட வசனம், வாளை உருவிக்கொண்டு புல்வெளியில் பாய்ந்து வருவது, கடைசியில் கடற்கரையில் சூரியன் மறையும்போது தனியே போவது. நடிகர் 82 கிலோ, 5 அடி 11 அங்குலம். குதிரையைத் தொட்டதே இல்லை. படப்பிடிப்பு மார்ச் கடைசியில். இடையில் 8 வாரம், வாரத்துக்கு 4 நாள் அவர் பயிற்சிக்கு வருவார். ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரை ஒன்று குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. அதை எடுக்கலாமா? இந்த 8 வாரத்தில் எதுவரை எதிர்பார்க்கலாம்? உடை பஞ்சகச்சம், வெறுங்கால்.

ஹில்கிரெஸ்ட்_லாயம் எழுதியது:

பந்தயக் குதிரை வேண்டாம். டர்பனின் கிரேவில் பந்தய மைதானத்தில் ஓடி முடித்து வரும் தரோபிரெட் இனக் குதிரை கேமராவுக்கு எடுப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் அது பழகிய பாஷை வேறு. கடிவாள வாரை இழுத்தால் நிற்கும் என்று நாம் நினைப்போம்; அது வாரில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமெடுக்கப் பழகியது. ஜாக்கி குட்டை அங்கவடியில் (காலை ஊன்றும் வளையம்) முதுகுக்கு மேலேயே குந்தியிருப்பார், கால் விலாவை அணைக்காது. புதிதாக ஏறுகிறவர் பயத்தில் குதிகாலை விலாவில் இறுக்கினால் அது புரிந்துகொள்வது ஒன்றுதான்: ஓடு. ஏறும்போது அசையாமல் நிற்கும் பழக்கமும் பலவற்றுக்குக் கிடையாது. இதையெல்லாம் மாற்றிப் பழக்க மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்தது எடை. சவாரி செய்பவர், உடை, சேணம் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் ஆள் 82, உடையும் வாளும் 6, சேணம் 8 என்று வைத்தால் 96 கிலோ. குதிரை குறைந்தது 480 கிலோ வேண்டும். புதியவர் தடுமாறித் தடுமாறி உட்காருவதால் முதுகில் விழும் அடி கூடும், ஆகவே 520க்கு மேல் பாருங்கள். தராசு இல்லையென்றால் அளவு நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். சுற்றளவு 190, நீளம் 165 என்றால் 501 கிலோ.

லெசோத்தோ மலைநாட்டின் பசுத்தோ குதிரை மலைப்பாதையில் கால் தவறாது, ஆனால் உடம்பு சிறிது. இவருக்குக் கால் தரைக்குப் பக்கத்தில் தொங்கும், அரசன் களை வராது. தென்னாப்பிரிக்க இனமான போயர்பெர்ட்டில் உடல் கனத்த ஒன்று கிடைத்தால் அதுதான் என் தேர்வு. 10 முதல் 15 வயது, ஆண்மை நீக்கியது, தினமும் பல பேரைச் சுமந்து பழகியது. வழக்கமான நடை, ட்ராட் (குலுங்கோட்டம்), கேன்டர் (நிதானப் பாய்ச்சல்) மூன்றும் போக இன்னும் இரண்டு சேர்த்து ஐந்து நடை பயின்ற போயர்பெர்ட் என்றால், அந்தக் கூடுதல் இரண்டு நடைகளில் ஆள் குலுங்கவே மாட்டார், ஊருக்குள் வரும் காட்சிக்கு நல்ல வரம்.

இனி பயிற்சி. 32 வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், ஆக 24 மணி நேரம். இதில் நடை, நிறுத்தம், திருப்பம், எழுந்தெழுந்து உட்காரும் ட்ராட், வேலி போட்ட மைதானத்துக்குள் அடக்கமான கேன்டர் வரை வரலாம். நாலுகால் பாய்ச்சல் வராது. வரும் என்று யாராவது சொன்னால் அவரிடம் நடிகரை அனுப்பாதீர்கள்.

முதல் 6 வகுப்பில் வாரைக் கையில் கொடுக்கவே கூடாது. பயிற்சியாளர் நடுவில் நின்று 8 மீட்டர் லஞ்ச் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்ட, நடிகர் கையை விரித்தும், இடுப்பைத் திருப்பியும், குனிந்து தன் கால்விரலைத் தொட்டும் உட்காரக் கற்க வேண்டும். சிறு வட்டம் குதிரையின் மூட்டுகளைப் பாதிக்கும், எனவே 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். வாரை ஏன் மறுக்கிறோம் என்றால், சமநிலை தவறும் மனிதன் கையில் இருப்பதைப் பிடித்துத் தொங்குவான். அந்த வாரின் மறுமுனை குதிரையின் நாக்கின் மேல் கிடக்கும் இரும்பு. ஒருவருடைய பயத்துக்கு ஒரு வாயில்லா ஜீவனின் வாய் புண்ணாகக் கூடாது. கழுத்தில் ஒரு தோல்வாரைக் கட்டிவிட்டால் தடுமாறும்போது அதைப் பிடிக்கலாம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு முழங்காலை இறுக்குவது. இறுக்கினால் முழங்கால் அச்சாணியாகிவிடும்: கீழ்க்கால் பின்னால் ஆடும், குதிகால் மேலே ஏறும், மேலுடம்பு முன்னால் கவிழும். கவிழ்ந்த உடம்பைக் குதிரை 'வேகமாகப் போ' என்று எடுத்துக்கொள்ளும். வேகம் கூடக் கூட அவர் இன்னும் இறுக்குவார். இதை அவிழ்க்க அங்கவடியைக் கழற்றிவிட்டுத் தொடையைத் தளர்த்தி உட்கார வைப்பதுதான் வழி. பக்கவாட்டில் பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பார்வை குதிரையின் கழுத்தில் பதிந்தால் முதுகு கூனும், கேமராவில் அது உடனே தெரியும்.

நிறுத்தத்தை எல்லாவற்றையும்விட அதிகம் பழக்குங்கள். ஆழ உட்கார்ந்து, மூச்சை விட்டு, விரல்களை மூடி, குதிரை மெதுவானதும் உடனே விரலைத் தளர்த்த வேண்டும். விடாமல் இழுத்தால் குதிரையும் விடாமல் இழுக்கும், அந்தப் போட்டியில் 500 கிலோதான் ஜெயிக்கும். கட்டுமீறினால் ஒரு பக்க வாரை மட்டும் மெல்ல இழுத்து வட்டத்தைச் சுருக்க வேண்டும். இதை நடையிலும் ட்ராட்டிலும் பழகி வைத்துக்கொள்ளட்டும்; பாய்ச்சலில் திடீரென்று செய்தால் குதிரையே விழும். இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து உருவி முன்னால் சாய்ந்து குதித்து இறங்குவதை, முதலில் நிற்கும் குதிரையில், பிறகு நடக்கும் குதிரையில், 3ஆம் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். கேன்டர் 5ஆம் வாரத்தில் தொடங்கினால் போதும்.

சேணமும்_சேலையும் எழுதியது:

உடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெறுங்காலோடு அங்கவடி வேண்டவே வேண்டாம். குதிகால் இல்லாத பாதம் வழுக்கி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். தோல் நிறத்தில் 2.5 சென்டிமீட்டர் குதிகால் வைத்த மெல்லிய காலணி தைக்கச் சொல்லுங்கள், அடி வழவழப்பாக இருக்கட்டும். அங்கவடியின் அகலம் காலணியைவிட இரு பக்கமும் சேர்த்து 2.5 சென்டிமீட்டர் கூட இருக்க வேண்டும். குறைந்தால் கால் சிக்கும், கூடினால் முழுப் பாதமும் உள்ளே நுழையும். சேணத்தில் அங்கவடி வார் தொங்கும் கொக்கியின் நாக்கைத் திறந்தே வையுங்கள். ஆள் விழுந்தால் வார் தானாகக் கழன்று வரும்.

பஞ்சகச்சத்தின் மடிப்பு தொடைக்கும் சேணத்துக்கும் இடையில் சுருண்டால் அரை மணி நேரத்தில் தோல் உரியும். உள்ளே தையல் மேடில்லாத இறுக்கமான சவாரிக் கால்சட்டையைத் தோல் நிறத்தில் போட்டு, கச்சத்தைத் தொடைப் பகுதியில் அதன்மேலேயே தைத்துவிடலாம். உத்தரீயம், முத்துமாலை இரண்டையும் வெல்க்ரோவில் ஒட்டுங்கள். மாட்டினால் பிய்ந்து வர வேண்டும். மோதிரம் கூடாது. தலைப்பாகை இருப்பது நல்ல வசதி, அதற்குள் கெட்டியான தலைக்கவசத்தை மறைக்கலாம். முழு உடையில் குறைந்தது 6 வகுப்பு நடக்கட்டும். காற்றில் படபடக்கும் துணியைக் குதிரையும் முன்பே பார்த்துப் பழக வேண்டுமே.

மரிட்ஸ்பர்க்_ஸ்டண்ட் எழுதியது:

வாள் காட்சியைப் பிரித்துவிடுங்கள். தூரத்துப் பாய்ச்சல் முழுவதும் டூப். நடிகர் செய்வது 30, 40 மீட்டர் கேன்டர் மட்டும், அதுவும் நேர்கோட்டில். முடியும் இடத்தில் அந்தக் குதிரைக்குப் பழகிய இன்னொரு குதிரையையும் அதைப் பராமரிப்பவரையும் நிறுத்துங்கள். தோழனைப் பார்த்து வரும் குதிரை கோணாமல் வரும், வந்த இடத்தில் நிற்கும். எதிர்த்திசையில், அதாவது தோழனை விட்டு விலகி ஓடவிட்டால், நடுவழியில் திரும்பப் பார்க்கும்.

வலக்கையில் வாள் என்றால் இடக்கையில் மட்டும் வார். அதற்குக் கழுத்தில் வார் படுவதை வைத்தே திரும்பத் தெரிந்த குதிரை வேண்டும், வாடகை பேசும்போதே கேளுங்கள். வாளை முதலில் தரையில், பிறகு நிற்கும் குதிரையில், பிறகு நடையில். நுரை வாளில் தொடங்கி அலுமினியத்துக்கு வாருங்கள். உருவும்போது கை குதிரையின் காதுக்கு மேலே போகக் கூடாது. பின்புறத்தை நேராகவும் நெற்றிக்கு நேர் முன்னாலும் குதிரையால் பார்க்க முடியாது. அங்கே திடீரென்று எதுவும் மின்னினால் ஒதுங்கிப் பாயும்.

இன்னொன்று, பலரும் மறப்பது. நான்கு டேக்கில் குதிரைக்கு 'ஆக்‌ஷன்' என்ற சொல் மனப்பாடமாகிவிடும். ஐந்தாவது டேக்கில் நடிகர் தயாராகும் முன்பே கிளம்பும். கையசைத்துக் குறி கொடுங்கள், கிளாப்பை ஷாட்டின் கடைசியில் அடியுங்கள். ட்ரோன், ரிஃப்ளெக்டர், ஜெனரேட்டர் மூன்றையும் ஒரு வாரம் முன்பே லாயத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பழக்குங்கள்.

டர்பன்_திரை எழுதியது:

மிக்க நன்றி. பந்தயக் குதிரையை விட்டுவிடுகிறோம். வசனக் காட்சியும் கடற்கரையும்தான் பாக்கி. வசனத்தை ட்ராட்டில் பேச வைக்கலாமா?

மரிட்ஸ்பர்க்_ஸ்டண்ட் எழுதியது:

முடியாது, ட்ராட்டில் குரல் துண்டு துண்டாக உடையும். குதிரை நிற்கும்போதோ நடையிலோ பேசட்டும். ஓடிக்கொண்டே பேசித்தான் ஆக வேண்டும் என்றால், தாழ்ந்த டிரெய்லரில் பீப்பாய் கட்டி, அதன்மேல் சேணம் போட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் எடுங்கள். பிடரிமயிரையும் கழுத்தையும் சட்டகத்துக்கு வெளியே விட வேண்டும். நிற்க வைத்து எடுத்தாலும் குதிரை 2 நிமிடம் ஒரே இடத்தில் பொறுமையாக இருக்காது. 30 நொடித் துண்டுகளாக வெட்டி எடுங்கள். இறங்கும் காட்சிக்கு முன் வயிற்று வாரை மறுபடி பாருங்கள். கட்டும்போது குதிரை மூச்சை அடக்கி வயிற்றை உப்பியிருக்கும். ஐந்து நிமிடம் நடந்ததும் வார் தளர்ந்து, ஒரு அங்கவடியில் எடை போட்டவுடன் சேணம் புரளும்.

ஹில்கிரெஸ்ட்_லாயம் எழுதியது:

கடற்கரைக் காட்சியில் இரண்டு சிக்கல். டர்பன் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் நமக்குக் கடலில் மறையாது. அதைவிடப் பெரியது: மார்ச் மாதம் ஆப்பிரிக்கக் குதிரை நோய் உச்சத்தில் இருக்கும் காலம். அதைப் பரப்பும் குலிக்காய்டிஸ் என்ற பொடிப்பூச்சி அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். அக்கறையுள்ள எந்த உரிமையாளரும் அந்த நேரத்தில் குதிரையை லாயத்துக்குள் அடைத்துவிடுவார். மாலையில் வெளியே நிறுத்துங்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நோய் கண்டால் பிழைப்பது அரிது.

அதற்குப் பதில் காலையில் எடுங்கள். விடிந்து ஒரு மணி நேரத்துக்குப் பின், 7 மணிக்கு மேல், தாழ்ந்த சூரியன் கடல் பக்கம் இருக்கும்; குதிரையும் ஆளும் நிழலுருவாகத் தெரிவார்கள். அதை அந்தி என்று காட்டினால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இங்கே காலை 9, 10 மணி வாக்கில் நீர் நன்றாக வற்றும், ஈரமான கெட்டி மணல் கிடைக்கும். உலர்ந்த மணலில் ஓட்டினால் தசைநார் இழுத்துக்கொள்ளும். அலை பின்வாங்கும்போது தரையே நகர்வதுபோல் தெரிந்து குதிரை பக்கவாட்டில் ஒதுங்கும், முதல் 20 நிமிடம் அதைப் பிடித்து நடத்திப் பழக்கிய பிறகு நடிகரை ஏற்றுங்கள். நடை மட்டும்.

கேமரா வண்டி கடற்கரையில் இறங்கத் தனி அனுமதி தேவை, கையில் எடுத்துப் போகும் கேமராவுக்குத் திட்டமிடுவது எளிது. குதிரையைத் தருபவரிடம் 1935ஆம் ஆண்டின் காட்சி விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா, அந்த வருடத் தடுப்பூசி பதிவாகியிருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.