70 மூப்பர் பார்த்தது தேவனையா, பாதத்தை மட்டுமா?

மேகஸ்தம்பம்:
நேத்து ஒரு பிரசங்க வீடியோ பார்த்தேன், அதுல இருந்து மனசு ஆறல, அதான் இங்க எழுதறேன். பேசினவர் சொல்றார், வேதாகமத்துல யாத்திராகமம் 24ல, மோசேயோட சீனாய் மலை ஏறின 70 மூப்பரும், அதாவது இஸ்ரவேல் ஜனத்தோட தலைவர்களும், தேவனை நேருக்கு நேர் பார்த்தாங்களாம், பார்த்துட்டு உக்காந்து சாப்பிட்டாங்களாம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையாம், அதனால பரிசுத்தம்னா பயப்படற விஷயமே இல்லையாம், சும்மா போய் பக்கத்துல உக்காந்துக்கலாமாம். கூட்டமும் கை தட்டுது. அந்த வசனத்தை முழுசா படிச்சவங்க யாராவது இருக்கீங்களா? 24:10ல வேதம் நமக்கு காட்டறது பாதத்துக்கு கீழ இருந்த தளம் மட்டும்தான். நீலக்கல் இழைச்ச மாதிரி, தெளிஞ்ச வானம் மாதிரி. முகத்தை பத்தி ஒரு வார்த்தை உண்டா? கை பத்தி? வஸ்திரம் பத்தி? கிடையாது. ஏன்னா யாரும் தலை நிமிரவே இல்ல. 24:1லயே தூரத்துல இருந்து பணிஞ்சுக்கோங்கன்னு கட்டளை வந்தாச்சு. குப்புற விழுந்து கிடக்கறவன் கண்ணுக்கு தரைதான் தெரியும். பாதத்தை மட்டும்தான் பார்த்தாங்க. "நேருக்கு நேர்" எங்க இருந்து வந்துச்சு?

சீனாய்_அடிவாரம்:
பிரதர், "இஸ்ரவேலின் தேவனைத் தரிசித்தார்கள்"னு தெளிவா இருக்கு. பாதத்தைத் தரிசித்தார்கள்னு இல்ல. அடுத்த வசனத்துல மறுபடியும் தேவனைத் தரிசித்து, புசித்துக் குடித்தார்கள்னு இருக்கு. ரெண்டு தடவை. நீங்க சொல்றபடி குப்புறவே கிடந்தாங்கன்னா எப்படி சாப்பிட்டாங்க? படுத்துக்கிட்டேவா?

மேகஸ்தம்பம்:
இந்த மாதிரி கேலிதான் வரும்னு தெரியும். பணிஞ்சாங்க, அப்புறம் எழுந்து சாப்பிட்டாங்க. இது கூட புரியாதா? பார்த்தப்போ கண்ணுல பட்டது பாதமும் அதுக்கு கீழ இருந்த தளமும்தான். 33:20 படிங்க. "ஒரு மனுஷனும் என்னைக் கண்டு உயிரோடிருக்கக் கூடாது." மோசேக்கே முகம் காட்டல. கன்மலை வெடிப்புல நிறுத்தி, கையால மூடி, கடந்து போன பிறகு பின்பக்கம் மட்டும் காட்டினார். மோசேக்கு கிடைக்காதது மூப்பருக்கு கிடைச்சுதா?

சீனாய்_அடிவாரம்:
அதே 33ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். ஒருத்தன் சிநேகிதனோட பேசற மாதிரி கர்த்தர் மோசேயோட முகமுகமாய் பேசினார். 20க்கு 9 வசனம் முன்னாடிதான் இருக்கு, அதை மட்டும் ஏன் தாண்டிட்டு போறீங்க?
இன்னொண்ணு. கை பத்தி ஒரு வார்த்தை கிடையாதுன்னு எழுதினீங்க. 24:11ல "கையை நீட்டவில்லை"ன்னு இருக்கே. முழுசா படிச்சீங்களான்னு ஊரையே கேட்டவர் நீங்கதான்.

மேகஸ்தம்பம்:
கையை நீட்டலன்னா அழிக்கலன்னு அர்த்தம். கை தெரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. வேதபாஷை தெரிஞ்சவங்ககிட்ட இதை விளக்க வேண்டிய அவசியம் வராது.

புதுவிசுவாசி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் இப்பதான் யாத்திராகமம் படிக்க ஆரம்பிச்சிருக்கேன். பரிசுத்தம்னா என்னன்னு முதல்ல யாராவது சொல்ல முடியுமா? பாவம் இல்லாததா, இல்ல பிரிச்சு வெச்சதா? 3:5ல பூமியை பரிசுத்தம்னு சொல்றார். மண்ணு பாவம் செய்யாதே. அப்போ அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன?

அகோலியாப்:
மூலபாஷை தெரியாம பேசறதால வர சண்டை இது. 24:10ல எபிரெயத்துல இருக்கறது "ராஆ", கண்ணால பார்க்கறது. 24:11ல இருக்கறது "ஹாஸா", தீர்க்கதரிசிகள் தரிசனம் காண்றதுக்கு வர சொல். ஏசாயா முதல் வசனத்துல "தரிசனம்"னு வர "ஹஸோன்" இதே வேர்ல இருந்து வந்ததுதான். தமிழ்ல ரெண்டு இடத்துலயும் தரிசித்தார்கள்னே போட்டுட்டாங்க, அதனால வித்தியாசம் தெரியாம போச்சு. நான் எபிரெயம் வருஷக்கணக்கா படிச்சவன், போன மாசம் ஓய்வுநாள் விவாதத்துலயும் இதைத்தான் சொன்னேன், அப்பவும் யாரும் கேக்கல.

சீனாய்_அடிவாரம்:
நன்றி ஐயா, அப்போ 24:10ல கண்ணால பார்த்ததுதான்னு நீங்களே சொல்லிட்டீங்க. 33:20லயும் அதே "ராஆ"தானே?

அகோலியாப்:
அதே சொல்தான். ஆனா நான் உங்க பக்கம்னு நினைச்சுக்காதீங்க. செப்துவஜிந்த்ல, அதாவது பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல, "இஸ்ரவேலின் தேவன் நின்ற இடத்தைப் பார்த்தார்கள்"னு இருக்கு. ஒன்கெலோஸ் தர்கும், அதாவது யூதரோட பழைய அரமேய மொழிபெயர்ப்பு, "தேவனுடைய மகிமையைப் பார்த்தார்கள்"னு மாத்துது. அந்தக் காலத்து யூத அறிஞர்களுக்கே நேரா எழுத கை நடுங்கியிருக்கு.

மேகஸ்தம்பம்:
பார்த்தீங்களா! "நின்ற இடம்"! நின்ற இடம்னா பாதம் இருந்த இடம்! இதைத்தான் முதல் பதிவுல இருந்து சொல்லிட்டு வரேன். பாதத்தை மட்டும்தான் பார்த்தாங்க. செப்துவஜிந்த்தே சாட்சி.

சீனாய்_அடிவாரம்:
அது சாட்சி இல்ல பிரதர், மொழிபெயர்த்தவங்க பயந்து மாத்தினது. மூலத்துல அப்படி இல்லைங்கறதாலதான் மாத்தவே வேண்டி வந்துச்சு. சாப்பிட்டது எப்படின்னு இன்னும் பதில் வரல.

மேகஸ்தம்பம்:
பதில் சொல்லியாச்சு. எழுந்து சாப்பிட்டாங்க. நீங்கதான் படிக்கல.

சீனாய்_அடிவாரம்:
எழுந்தாங்கன்னு எந்த வசனத்துல இருக்கு?

மேகஸ்தம்பம்:
குப்புற விழலன்னு எந்த வசனத்துல இருக்கு?

முட்செடி:
நடுவுல வரேன் மன்னிக்கணும். இதுல முகம் முகம்னு பேசறதால ஞாபகம் வந்துச்சு, 34:29ல மோசே மலையில இருந்து இறங்கறப்போ முகம் பிரகாசிச்சுதுன்னு இருக்கே, ரோம்ல மைக்கலாஞ்சலோ செதுக்கின மோசே சிலையில தலையில ரெண்டு கொம்பு இருக்கு. லத்தீன் வேதாகமத்துல ஜெரோம் "கொம்புள்ள"ன்னு மொழிபெயர்த்ததாலதான் அந்த கொம்பு வந்துச்சு. மொழிபெயர்ப்பை நம்பி ஒரு வாதத்தை கட்டினா இப்படித்தான் ஆகும்.

அகோலியாப்:
ஜெரோமை குறை சொல்ற அளவுக்கு இங்க யாரும் படிக்கல. "காரான்"ங்கற வினை "கேரென்", அதாவது கொம்புங்கற சொல்லோட சேர்ந்தது. அவர் வேரைப் பார்த்து சரியாத்தான் போட்டார். தெரியாத விஷயத்துல தலையிடாதீங்க.

முட்செடி:
தெரியாமத்தான் கேக்கறோம் ஐயா, தெரிஞ்சவங்க இப்படி பேசினா யார் கத்துக்குவாங்க? போன தடவை ஞானஸ்நானம் விவாதத்துலயும் என்னை "பால் குடிக்கற விசுவாசி"ன்னு சொன்னீங்க. அது இன்னும் மறக்கல.

அகோலியாப்:
எபிரெயர் 5:13ல இன்னும் முதிராத விசுவாசிக்கு இருக்கற வார்த்தை அது. என் வார்த்தை இல்ல.

கன்மலைப்பிளவு:
சண்டையை கொஞ்சம் நிறுத்துங்க. என் அம்மா கடைசி நாள் ஆஸ்பத்திரில இருந்தப்போ ராத்திரி ரெண்டு மணி இருக்கும், நான் கட்டில் கம்பியை பிடிச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தேன், ஜெபிக்கக் கூட வார்த்தை வரல, மானிட்டர் சத்தம் மட்டும்தான். அப்போ அந்த அறையில யாரோ வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. நான் எதையும் பார்க்கல, எந்தக் குரலும் கேக்கல. ஆனா முழங்கால் தானா மடங்கிடுச்சு. பயமா இருந்துச்சு, ஆனா ஓடணும்னு தோணல, அங்கேயே இருக்கணும்னுதான் தோணுச்சு. அம்மா கை சில்லுன்னு இருந்துச்சு, அதை பிடிச்சுக்கிட்டு தரையிலேயே உக்காந்திருந்தேன், விடியற வரைக்கும். "என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும், நான் உனக்கு இளைப்பாறுதல் தருவேன்"னு 33:14ல இருக்கறது அன்னைக்குத்தான் எனக்கு புரிஞ்சுது. பயமா, நெருக்கமான்னு நீங்க சண்டை போடறீங்க. எனக்கு ரெண்டும் ஒரே நேரத்துல இருந்துச்சு.

மேகஸ்தம்பம்:
சிஸ்டர், உங்க துக்கத்துல பங்கெடுக்கறேன், கர்த்தர் ஆறுதல் தரட்டும். ஆனா அனுபவத்தை வசனத்துக்கு மேல வைக்கக்கூடாது. கவனிங்க, நீங்களும் முழங்கால்ல விழுந்தீங்க, தலை நிமிரல. நான் சொல்றதும் அதேதான்.

கன்மலைப்பிளவு:
என் அம்மா மரணத்தை உங்க வாதத்துக்கு எடுத்துக்காதீங்க தயவு செஞ்சு.

சீனாய்_அடிவாரம்:
மேகஸ்தம்பம் பிரதர், இது ரொம்ப தப்பு. சிஸ்டர்கிட்ட மன்னிப்பு கேளுங்க.

மேகஸ்தம்பம்:
மரியாதையாத்தான் பேசினேன். கேக்கற அளவுக்கு ஒண்ணும் சொல்லல. விஷயத்துக்கு வாங்க. மலையோட அமைப்பை பாருங்க. ஜனங்க அடிவாரத்துல, எல்லை போட்டாச்சு, தொட்டா சாவுன்னு 19:12ல இருக்கு. மூப்பர் பாதி தூரம். மோசே மட்டும் மேகத்துக்குள்ள. தேவன் வாசம் பண்றதுக்குக் கட்டின ஆசரிப்புக் கூடாரத்தோட அமைப்பும் இதேதான், பிராகாரம், பரிசுத்த ஸ்தலம், மகா பரிசுத்த ஸ்தலம். உள்ள இருக்கற அறை 10 முழ நீளம், 10 முழ அகலம், 10 முழ உயரம், அதுக்குள்ள பிரதான ஆசாரியன் ஒருத்தன், வருஷத்துக்கு ஒரு நாள், ரத்தத்தோட. 40 அதிகாரத்துல 13 அதிகாரம் கூடாரத்தோட அளவும் திரையும் கொக்கியும்தான். தேவன் சும்மாவா இவ்வளவு எழுத வெச்சார்? அப்படி கட்டின கூடாரத்துக்குள்ள 40:35ல மகிமை நிரம்பினப்போ மோசேயே உள்ள போக முடியல. மலை ஏறினதுக்கு முன்னாடியும் 24:8ல ஜனங்க மேல ரத்தம் தெளிச்சாச்சு. ரத்தம் இல்லாம ஒருத்தனும் ஒரு அடி ஏறல. இதையெல்லாம் சொல்லாம "சாப்பிட்டாங்க, ஒண்ணும் ஆகல"ன்னு ஒரு பாதியை மட்டும் எடுத்து ஜனங்ககிட்ட குடுக்கறது எவ்வளவு பெரிய துரோகம்!

சீனாய்_அடிவாரம்:
இதுல பாதி எனக்கும் சம்மதம்தான், ரத்தம் பத்தி சொன்னது சரி. ஆனா ரத்தம் தெளிச்சது எதுக்கு? கிட்ட வரதுக்குத்தானே? தூரமா நிறுத்தி வைக்கணும்னா கூடாரமே எதுக்கு? 25:8ல நான் அவங்க நடுவுல வாசம் பண்ண எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குங்கன்னு அவரே கேக்கறார். 20:20ல மோசே சொல்ற முதல் வார்த்தையே பயப்படாதிருங்கள்.

மேகஸ்தம்பம்:
அதே 20:20 முடியறது அவரைப் பற்றும் பயம் உங்க முன்னாடி இருக்கணும்னுதான். பாதி வசனம் படிக்கற பழக்கம் உங்களுக்கு என்னைக்கும் போகாது. அந்த மலையில சாப்பிட்ட ஆட்களுக்கு பின்னாடி என்ன ஆச்சுன்னும் சொல்லுங்களேன். மோசேயோட அண்ணன் ஆரோன், மோசே இறங்கி வர 40 நாள் பொறுக்கல, கும்பிட பொன் கன்னுக்குட்டி வார்த்தான். ஆரோனோட மகன்கள் நாதாப், அபியூ ரெண்டு பேரும் அந்நிய அக்கினி கொண்டு போய் லேவியராகமம் 10ல கர்த்தர் சந்நிதியிலேயே எரிஞ்சாங்க. விருந்து சாப்பிட்ட அதே ரெண்டு பேர்! பரிசுத்தத்துக்கு பழகிட்டோம்னு நினைச்சவன் கதி இதுதான்.

சீனாய்_அடிவாரம்:
அது அவங்க கட்டளையிடாத அக்கினி கொண்டு போனதுக்கு வந்த தண்டனை. தேவனைப் பார்த்ததுக்கு வந்தது இல்ல. பார்த்த அன்னைக்கு கையை நீட்டலன்னு வசனமே சொல்லுது. முகத்தைப் பார்க்காத ஆட்கள் மேல "கையை நீட்டல"ன்னு ஏன் சொல்லணும்? சாக வேண்டியவங்க சாகலங்கற ஆச்சரியம் அந்த வார்த்தையில இருக்கு. வெறும் தளத்தைப் பார்த்தவனுக்கு அந்த ஆச்சரியமே தேவையில்ல.

முட்செடி:
இது நல்ல கேள்வி.

மேகஸ்தம்பம்:
நல்ல கேள்வியாம். பாதத்தை பார்க்கறதே சாகற அளவுக்கு பரிசுத்தம், அதான் அப்படி எழுதியிருக்கு. நான் சொன்னதுக்கு இதுவே பலம்.

அகோலியாப்:
மலை ஏறினது மொத்தம் 74 பேர். மோசே, ஆரோன், நாதாப், அபியூ, 70 மூப்பர். முதல்ல எண்ணிக்கையை சரியா சொல்லுங்க. 70 பேர் பார்த்தாங்கன்னு தலைப்பே தப்பு.

முட்செடி:
யோசுவாவை விட்டுட்டீங்களே ஐயா, 24:13ல மோசேயோட எழுந்து போறானே. அப்போ 75.

அகோலியாப்:
அது விருந்துக்கு அப்புறம். 24:9ல யோசுவா பேர் இல்ல.

முட்செடி:
பேர் இல்லன்னா ஆளும் இல்லையா? மோசேக்கு பணிவிடைக்காரன் எங்க போயிருப்பான்?

அகோலியாப்:
இதுக்குத்தான் பால்னு சொன்னேன்.

புதுவிசுவாசி:
மறுபடியும் கேக்கறதுக்கு மன்னிக்கணும். பரிசுத்தம்னா என்னன்னு இன்னும் யாரும் சொல்லல. 29:37ல பலிபீடத்தை தொடறதெல்லாம் பரிசுத்தமாகும்னு இருக்கு, 19ல மலையை தொட்டா சாவுன்னு இருக்கு. ஒரு இடத்துல தொட்டா பரிசுத்தம், இன்னொரு இடத்துல தொட்டா மரணம். இது எனக்கு ரெண்டு நாளா தூக்கம் வராத அளவுக்கு ஓடுது.

மேகஸ்தம்பம்:
தம்பி, அது பெரிய பாடம், தனியா ஒரு பதிவு போடுங்க, அங்க விளக்கறேன். இங்க பேச்சு 24:10 மட்டும்தான்.

கன்மலைப்பிளவு:
அந்த தம்பி கேட்டதுதான் உண்மையான கேள்வி. அதை தள்ளி விட்டுட்டு பாதமா முகமான்னு எத்தனை பதிவு போட்டிருக்கீங்கன்னு எண்ணிப் பாருங்க. எரியற முட்செடிக்கிட்ட மோசே முகத்தை மூடிக்கிட்டான், 3:6ல இருக்கு. அதே ஆளு 33ல "உம்முடைய மகிமையை எனக்கு காண்பியும்"னு கேக்கறான். மூடிக்கிட்டவன் கேக்கற அளவுக்கு வந்ததுக்கு நடுவுல என்ன நடந்துச்சு? அதை யாராவது பேசுவீங்கன்னுதான் இவ்வளவு நேரம் படிச்சேன்.

சீனாய்_அடிவாரம்:
சிஸ்டர், இதைத்தான் நானும் சொல்றேன், அவன் பயத்துல இருந்து நெருக்கத்துக்கு வந்தான்.

கன்மலைப்பிளவு:
நான் அப்படி சொல்லல பிரதர். கேட்டதுக்கு அப்புறமும் கை மூடித்தானே நிறுத்தினார்.

மேகஸ்தம்பம்:
கை மூடித்தான் நிறுத்தினார்! சிஸ்டரே ஒத்துக்கிட்டாங்க. முகம் இல்ல, பின்பக்கம்தான். மோசேக்கு பின்பக்கம், மூப்பருக்கு பாதம். பாதத்தை மட்டும்தான் பார்த்தாங்க.

கன்மலைப்பிளவு:
நான் எதையும் ஒத்துக்கல.

சீனாய்_அடிவாரம்:
பாதத்தைன்னு கூட வசனத்துல இல்ல, பாதத்தின் கீழேன்னுதான் இருக்கு. உங்க கணக்குப்படி பார்த்தா பாதத்தையும் பார்க்கல, கல்லை மட்டும்தான் பார்த்தாங்க. அப்போ "இஸ்ரவேலின் தேவனைத் தரிசித்தார்கள்"னு எழுதினவர் பொய் எழுதினாரா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

மேகஸ்தம்பம்:
வேதம் பொய்யான்னு என்கிட்ட கேக்கற அளவுக்கு வந்துட்டீங்களா? நான் இந்த குழுவுக்கு வந்தப்போ நீங்க ஆதியாகமத்துக்கும் யாத்திராகமத்துக்கும் வித்தியாசம் கேட்டுட்டு இருந்தீங்க, பழைய பதிவெல்லாம் இன்னும் அப்படியே இருக்கு, எடுத்து போடட்டுமா?

சீனாய்_அடிவாரம்:
போடுங்க. கூடவே எழுந்தாங்கன்னு சொன்ன வசனத்தையும் போடுங்க.

மேகஸ்தம்பம்:
24:1 தூரத்திலிருந்து பணிந்துகொள்ளுங்கள். 24:10 பாதத்தின் கீழே. நாளைக்கு காலையில ஒவ்வொரு மொழிபெயர்ப்பா எடுத்து வரிசையா போடறேன், அதுக்கு அப்புறம் பேசுங்க.