மறுமொழி: வேதிச் செறிவூட்டலுக்கு வேறு சொல் தேவையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> ‘வேதிச் செறிவூட்டல்’ ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

விண்மீன் பேரடைகளின் (galaxies) வாயுவில் கனமான தனிமங்கள் காலப்போக்கில் கூடிவருவதைத்தான் (chemical enrichment) அப்படிச் சொல்கிறோம். அந்தச் சொல் புழங்குகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் செறிவூட்டல் என்றதும் எல்லோருக்கும் யுரேனியம்தான் நினைவுக்கு வரும். அங்கே இருக்கிற அணுக்களிலேயே நிறையெண் 238 உள்ளவற்றை விலக்கி 235 உள்ளவற்றின் பங்கைக் கூட்டுகிறார்கள்; புதிதாக எதுவும் பிறப்பதில்லை. பேரடைகளில் கதையே வேறு. கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் விண்மீன்களுக்குள் புதிதாக உருவாகி, வெடிப்பிலும் விண்மீன் காற்றிலும் வெளியேறி, சுற்றியுள்ள வாயுவில் கலக்கின்றன. அந்த வாயுவிலிருந்துதான் அடுத்த தலைமுறை விண்மீன்கள் வருகின்றன. ‘வேதி’ என்ற முன்னொட்டும் உறுத்துகிறது. தனிமங்களை ஆக்குவது அணுக்கரு வினை. அதில் வேதியியலுக்கு வேலை இல்லை.

என் பரிந்துரை: தனிம ஏற்றம். மின்னேற்றம் நமக்குப் பழகிய சொல்தானே. விலையேற்றம் நினைவுக்கு வருகிறது என்று சிலர் சிரிக்கலாம், சிரிக்கட்டும். வினையாகவும் பெயரெச்சமாகவும் வளைகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். ‘தனிமம் ஏறிய வாயு’, ‘இன்னும் தனிமம் ஏறாத வாயு’: இரண்டும் தடங்கலின்றி வருகின்றன. ‘செறிவூட்டப்படாத வாயு’வைச் சொல்லிப் பாருங்கள்.

> உலோகத்தன்மையும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. உலோகத்தன்மை (metallicity) என்பது ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எவ்வளவு உள்ளன என்ற அளவு. காமாக் கதிர் வெடிப்பை (விண்வெளியில் திடீரெனக் காமாக் கதிர்களைப் பீய்ச்சும் பெருவெடிப்பை) வைத்துச் சொன்னால் வேறுபாடு தெளிவாகும். 2 நொடிக்கு மேல் நீளும் வெடிப்புகள் பெரும்பாலும் நிறைமிகுந்த விண்மீன்களின் சாவில் நிகழ்பவை. அத்தகைய விண்மீன்களுக்கு ஆயுள் குறைவு என்பதால், பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போவதற்குள் வெடித்துவிடுகின்றன. எனவே அவற்றின் பின்னொளிர்வு (வெடிப்புக்குப் பின் எஞ்சி, மெல்ல மங்கும் ஒளி), விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் பகுதியின் வாயுவை ஊடுருவியே நம்மிடம் வருகிறது. குவேசார் (கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூரப் பேரடை மையம்) ஒளி பெரும்பாலும் இடையில் உள்ள பேரடைகளின் வெளிப்புறத்தைத்தான் தொட்டு வரும். பின்னொளிர்வின் நிறமாலை ஏற்ற இறக்கமில்லாமல் சீராக இருப்பதால் சிலிக்கன், கந்தகம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் உட்கவர் கோடுகள் (வாயு ஒளியை விழுங்கிய இடங்களில் விழும் இருண்ட கோடுகள்) அதில் பளிச்சென்று தெரியும். சில நாளில் ஒளி மங்கியதும், கண்கூச்சமின்றி, வெடிப்பு நிகழ்ந்த பேரடையையும் படமெடுக்கலாம்.

அந்தக் கோடுகளை ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் கிடைப்பது அந்தக் காலத்து ஓர் அளவு மட்டுமே. ‘ஏற்றம்’ அதில் நேரடியாகத் தெரியாது. வெவ்வேறு செம்பெயர்ச்சியில் (அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு; அது கூடக்கூட இன்னும் பழைய காலத்தைப் பார்க்கிறோம்) உள்ள பல வெடிப்புகளின் அளவுகளைக் கோத்துத்தான் அதை ஊகிக்கிறோம். அளவுக்கு ஒரு சொல், நிகழ்வுக்கு ஒரு சொல் என்று இரண்டும் வேண்டும். அளவுக்கு ‘உலோக வீதம்’ போதும் என்பேன். ‘உலோகத் தன்மை’யை வேதியியல் பாடநூல்கள் ஆவர்த்தன அட்டவணைக்கு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாவற்றையும், ஆக்சிஜனைக்கூட, உலோகம் என்று அழைக்கும் வானியலாளர் வழக்கத்தை நாம் திருத்தப் போவதில்லை.

இரண்டையும் ஏன் குழப்பக்கூடாது என்பதற்கு 2009 மார்ச்சில் தெரிந்த வெடிப்பு ஒன்றே போதும். அதன் ஒளி 1200 கோடி ஆண்டுகள் பயணித்து வந்தது. செம்பெயர்ச்சி ஏறத்தாழ 3.57. சிலியிலுள்ள மீப்பெரும் தொலைநோக்கியில் (VLT) எடுத்த நிறமாலையில் அருகருகே இருந்த இரண்டு பேரடைகளின் வாயு தடம் பதித்திருந்தது. அவற்றின் உலோக வீதமோ சூரியனுடையதைவிட அதிகம்! அண்டம் இளமையாக இருந்தபோதே அங்கே தனிம ஏற்றம் அவ்வளவு விரைவாக நடந்து முடிந்திருக்கிறது. ‘பழைய பேரடை என்றால் உலோகம் குறைவு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட முடியாது.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. இரும்பு எளிதில் தூசித் துகள்களில் போய் ஒட்டிக்கொள்ளும். துத்தநாகம் அவ்வளவாக ஒட்டாது. ஆகவே இரும்புக் கோடு வலுவிழந்து தெரிவதால் இரும்பே குறைவு என்று ஆகாது. துத்தநாகத்தை அளவுகோலாக வைத்து, தூசிக்குள் போன பங்கைக் கணக்கிடுகிறார்கள். ஆங்கிலத்தில் depletion எனப்படும் இதற்கு ‘இழப்பு’ பொருந்தாது. அந்த இரும்பு எங்கும் தொலைந்துபோகவில்லை, வாயுவை விட்டுத் துகளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ‘தூசியடைவு’ என்று எழுதிப் பார்த்தேன், அடைசலாக ஒலிக்கிறது. மேலான சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.