"ஈர்ப்பு உதவி"க்கு வேறு சொல் வேண்டும்

வணக்கம் அக்கா,

பள்ளி அறிவியல் வாரத்துக்கு வாயேஜர் விண்கலம் பற்றி எழுத உட்கார்ந்தேன், இந்த ஒரு சொல்லிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். 1977இல் கிளம்பிய வாயேஜர் 2 வியாழன், சனி, யுரேனஸ் என்று ஒவ்வொன்றையும் ஒட்டிப் பறந்து, அதனால் வேகமும் திசையும் மாறி 1989இல் நெப்டியூனை எட்டியதே, அந்த உத்தியை "ஈர்ப்பு உதவி" என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். ஒரு பையன் கேட்டான்: "சார், வியாழன் இழுத்ததால் வேகம் கூடியது என்றால், தாண்டிப் போகும்போதும் பின்னால் இழுக்குமே, கூடியது குறைந்துவிடாதா?"

குறையத்தான் செய்யும். வியாழனில் நின்று பார்த்தால் கலம் வந்த வேகத்திலேயே வெளியேறுகிறது, திசை மட்டும்தான் மாறுகிறது. ஆனால் வியாழனே சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த ஓட்டத்தில் ஒரு துளியைக் கலம் வாங்கிக்கொள்கிறது. ஓடுகிற அண்ணன் கையைத் தம்பி ஒரு கணம் பற்றிச் சுழன்று விட்டுவிட்டால் எப்படித் தெறித்துப் போவான், அப்படி. ஈர்ப்பு வெறும் பிடி, கொடுப்பது கோளின் ஓட்டம். "உதவி" என்ற சொல்லில் இது எங்கே இருக்கிறது? அதனால் "ஈர்ப்புக் கவண்" என்று வைக்கலாமா? வள்ளி தினைப்புனத்தில் சுழற்றிய கவண், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

(பட்டர்வொர்த்திலிருந்து)

தம்பி,

கவண் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இங்கே கோலாலம்பூரில் என் வகுப்பில் கவண் என்றால் பிள்ளைகள் மனத்தில் வருவது லாஸ்டிக், கவட்டையில் ரப்பரை இழுத்து விடுவது. அப்புறம் மறுபடியும் இழுவைதான் வேகம் தருகிறது என்று நினைப்பார்கள், உங்கள் பையன் கேள்வி அப்படியே நிற்கும்.

இன்னொன்று, இந்த உத்தி வேகம் கூட்ட மட்டும் இல்லை. ஒரு கோளைப் பிடித்து இன்னொரு கோளுக்கு முதன்முதலில் போன மரினர் 10 கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1974 பிப்ரவரியில் வெள்ளி அதன் வேகத்தைக் குறைத்துத்தான் புதன் பக்கம் உள்ளே அனுப்பியது. பார்க்கர் கலமும் சூரியனை நெருங்க வெள்ளியை ஏழு முறை கடந்து வேகத்தை இழந்தது. கோளுக்கு முன்னால் குறுக்கே போனால் குறையும், பின்னால் போனால் கூடும். கவண் கல்லை மெதுவாக்குமா?

நான் "கோள்வீச்சு" என்பேன். வீசுவது கோள் என்று சொல்லிலேயே தெரிகிறது, முன்னாலும் வீசலாம், உள்பக்கமும் வீசலாம். இயற்பியல் பாடத்தில் அலைக்கு வீச்சு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அது எனக்கும் உறுத்துகிறது, ஆனால் "கோள்" சேர்ந்து வரும்போது யாரும் குழம்பமாட்டார்கள் என்று நம்புகிறேன். வினையாகவும் வளைகிறது பாருங்கள்: "சனி வாயேஜரை யுரேனஸ் பக்கம் வீசியது." "உதவி"யை வைத்து இப்படி எழுத முடியுமா? நாளை அந்தப் பையனிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள், என்ன கேட்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.